டாலர் அண்ணன்

காக்களூர் சிட்கோவில் லேத்து உண்டு, பவுடர் கோட்டிங் உண்டு, பக்கத்திலேயே ஆவின் பால்பண்ணை உண்டு. கூடவே ஒரு டாலர் அண்ணனும் உண்டு. பகலில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஷிஃப்ட் முடிந்து டீக்கடைக்கு வந்துவிட்டால் கார்டு மதிப்பீட்டாளர். இரண்டு வேலைக்கும் ஒரே வெர்னியர்தான்.

கார்டு என்றால் ரேஷன் கார்டு இல்லை. ஒரு காலத்தில் ஸ்கூல் பையில் பாடப் புத்தகத்தைவிட பத்திரமாக இருந்த மல்யுத்த டிரம்ப் கார்டு, சிப்ஸ் பாக்கெட்டில் வந்த போக்கிமான் டாசோ, பபுள்கம்மோடு வந்த பிக் ஃபன் கிரிக்கெட் கார்டு, இந்த வகையறா. அதையெல்லாம் வைத்து விளையாடிய பயல்களுக்கு இப்போது தொப்பை விழுந்துவிட்டது. பரணை ஒழிக்கும்போது பழைய கட்டு ஒன்று அகப்பட்டால் நேரே அண்ணனிடம் கொண்டுவருகிறார்கள்.

கட்டைக் கையில் வாங்கியதும் அண்ணன் முகம் சுளிப்பார். "ரப்பர் பேண்டு போட்டது யாரு? ஓரத்துல பள்ளம் வுழுந்திருக்கு பாரு. முன்னூறு டாலர் போச்சு." கொண்டுவந்தவனுக்கு நெஞ்சு அடைக்கும். இல்லாத முன்னூறு டாலரை இழந்த துக்கத்தோடு, அண்ணனுக்கும் சேர்த்து டீ சொல்லுவான்.

பிறகு சோதனை நடக்கும். படம் நட்டநடுவில் இருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா, விளிம்பில் பிசிறு உண்டா, மேலே கீறல் உண்டா. இது அண்ணன் கண்டுபிடித்த முறை இல்லை. 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம் இந்த நான்கையும் பார்த்துத்தான் கார்டுகளுக்கு ஒன்று முதல் பத்து வரை மார்க் போடுகிறது. பத்து வாங்க வேண்டுமானால் முன்பக்கத்து ஓரம் 55-க்கு 45 என்ற அளவுக்கு மேல் சாயக்கூடாது. அண்ணனுக்கு இதுவே தாராளம். "நம்ம பீஸுல இவ்ளோ டாலரன்ஸ் வுட்டா கஸ்டமர் லாட்டையே திருப்பி அனுப்பிடுவான்" என்பார்.

அதோடு நிறுத்தினால் அவர் நல்ல இன்ஸ்பெக்டர். விலை சொல்லத் தொடங்கும்போதுதான் டாலர் அண்ணன் ஆகிறார். தன்னிடமிருக்கும் மல்யுத்த வீரர் அண்டர்டேக்கரின் கார்டைக் காட்டுவார். "அண்டர்டேக்கர், ஆயிரத்து எரநூறு டாலர்." இந்தத் தொகை செல்போனில் பார்த்த ஒரு விற்பனைத் தளத்திலிருந்து வந்தது. எங்கோ ஓர் அமெரிக்கர் அந்த விலையைப் போட்டு, வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அதே தளத்தில் நிஜமாக விற்றுப்போனவற்றை மட்டும் தனியே பார்க்கவும் வழியிருக்கிறது. அந்தப் பொத்தான்மேல் அண்ணனின் விரல் படுவதே இல்லை. இன்னொரு சின்ன விஷயம்: அமெரிக்கர் விற்பது முறைப்படி லைசென்ஸ் வாங்கி, எண்ணி அச்சடித்த கார்டு. இங்கே இருப்பது பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய, அச்சகத்தின் பெயர்கூட இல்லாத சரக்கு. கேட்டால், "ரெண்டுலயும் அதே அண்டர்டேக்கர்தானே தம்பி?" என்பார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

நம்பாதவர்களுக்கு ஆதாரம் வைத்திருக்கிறார். மிக்கி மேண்டில் என்ற பேஸ்பால் வீரரின் 1952-ஆம் வருஷத்து டாப்ஸ் கார்டு 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பிகாச்சு படம் போட்ட கார்டு ஒன்றை 52 லட்சத்துச் சொச்சம் டாலருக்கு வாங்கிய லோகன் பால் என்ற யூடியூப் பிரபலம், அதே 2022-இல் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரெஸில்மேனியாவில் சண்டைக்கு இறங்கினார். மல்யுத்தமும் கார்டும் ஒரே கழுத்தில்! அண்ணனுக்கு வேறு சாட்சி எதற்கு? அந்தப் பிகாச்சு தொண்ணூறுகளின் கடைசியில் ஜப்பானில் ஒரு பத்திரிகையின் ஓவியப் போட்டிக்குப் பரிசாகக் கொடுத்தது, உலகத்திலேயே நாற்பதை ஒட்டித்தான் இருக்கிறது என்ற பகுதியை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்.

வீட்டில் இந்த வேகம் செல்லாது. 1952-ஆம் வருஷக் கார்டுகள் விற்காமல் தேங்கியதால் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டினோம் என்று டாப்ஸ் கம்பெனிக்காரரே பின்னாளில் சொன்ன கதையை ஒரு நாள் மனைவியிடம் உற்சாகமாக விவரித்தார். மிச்சம் கொஞ்சம்தான், அதனால்தான் அந்த விலை என்று முடித்தார். அந்த அம்மா பரணை நிமிர்ந்து பார்த்தார். "ஏங்க, அப்போ நம்மளுதையும் காக்களூர் ஏரியில கொட்டிட்டு வந்தா வெல ஏறுமா?"

பழைய பேப்பர்காரர் ஒருமுறை அந்தக் கட்டுகளைத் தராசில் வைத்துக் கிலோ கணக்கில் ஒரு விலை சொல்லியிருக்கிறார். போன மாதம் வரைக்கும் ரொக்கம் கையில் வைத்துக்கொண்டு விலை சொன்னவர் அவர் ஒருவர்தான். அண்ணன் இன்றும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை.

போன மாதம் இரண்டாவது ஆள் வந்தான். திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் பையன். சின்ன வயசு செட்டில் அண்டர்டேக்கர் மட்டும் குறைகிறதாம். "அண்ணே, ஐந்நூறு ரூபா. இப்பவே ஜிபே பண்றேன்" என்று போனை எடுத்துவிட்டான். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் அண்ணன் வாயையே பார்த்தார்கள்.

அண்ணன் கார்டை ஒருமுறை திருப்பிப் பார்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் செருகினார். "ஐந்நூறு ரூபாய எடுத்துக்கினு காக்களூர் வரிக்கும் ஒர்த்தன் தேடி வரான்னா, மார்க்கெட்டு எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துக்கோ" என்றார். சட்டைப் பையிலிருந்து விலை குறித்து வைக்கும் நோட்டை எடுத்தார். ஆயிரத்து இருநூறை அடித்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதினார்.

அன்றைக்கு எல்லோருடைய டீக்கும் ஜிபே பண்ணியது அந்தப் பையன்தான்.