மேலெழுத்து: காதுவழி ஓர் ஆய்வு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் அபூர்வமான குடும்பப்பெயர் எது என்று ஆராய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. இங்கே பாதிப் பேருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. ஊருக்கு ஓர் எழுத்து, அப்பாவுக்கு ஓர் எழுத்து, வீட்டுப் பெயருக்கு ஓர் எழுத்து என்று மூன்று எஞ்சினை முன்னால் பூட்டி, சொந்தப் பெயரைக் கடைசிப் பெட்டியாக இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நாங்கள். ஆகவே எந்தக் குடும்பப்பெயரை எடுத்தாலும் அது அபூர்வம்தான்.

இந்த ஆய்வுக்குக் காரணம் ஒரு கருத்தரங்கு. தொழிலால் வந்த பெயர்களைப் பற்றி ஒருவர் ஒன்றேகால் மணி நேரம் கட்டுரை படித்தார். நன்றி சொல்லவே இருபது நிமிஷம். பிறகு, ஆங்கிலேயரின் ஸ்மித் என்ற பெயருக்குக் கொல்லர் என்று பொருள் என நிறுவினார். யாரும் மறுக்கவில்லை. மறுக்காதவர்களையும் விடாமல் மறுத்துவிட்டு, 'இது மேலாய்வுக்குரியது' என்று முடித்தார். வெளியே வந்து காப்பி குடித்தபோதே தீர்மானித்துவிட்டேன். மேலாய்வு என்ன, மேலெழுத்தையே ஆராய்ந்துவிடுவது.

ஆய்வு எல்லை: வடக்கே பழவங்காடிப் பிள்ளையார் கோயில். கிழக்கே சாலைத் தெருவில் கால் வலிக்கத் தொடங்கும் இடம். மேற்கே பத்மநாபசாமி கோயிலுக்காகச் சட்டையைக் கழற்றச் சொல்லும் இடம். தெற்கே ஆட்டோக்காரர் 'அங்கே வராது' என்று சொல்லும் இடம்.

விலக்கப்பட்ட பெயர்கள்: போற்றி என்ற பெயரிலேயே வேலை தெரிகிறது. முதல்பிடி பணத்தைப் பிடித்து வைப்பவர். விட்டதாகச் செய்தி இல்லை. ஸ்ரீகாரியம் கோயில் நிர்வாகப் பதவி. இப்போது நகரத்துக்கு வடக்கே ஓர் ஊர்ப் பெயர், பதவி பஸ் போர்டில் ஏறிவிட்டது. அஞ்சலோட்டக்காரரை மட்டும் ஒரு வரியில் விட மனம் வரவில்லை. 1951 வரை திருவிதாங்கூருக்குத் தனி அஞ்சல் துறை இருந்தது. மணி கட்டிய கோலோடு தபால் பையைச் சுமந்து ஓடியவர் அவர். 'அஞ்சல்' என்ற சொல்லைக் கிரேக்க மொழியில் தூதனைக் குறிக்கும் 'அங்கெலோஸ்' என்பதோடு முடிச்சுப் போட்டு, அதைத் திவானாக இருந்த கர்னல் மன்றோவின் தலையில் ஏற்றிச் சொல்பவர்கள் உண்டு. வியர்க்க விறுவிறுக்க ஓடினவனுக்கு இறக்கை கட்டிவிட்ட ஆராய்ச்சி அது.

இனிப் பொருளுக்கு வருகிறேன். திருவிதாங்கூர் அரசில் வலிய மேலெழுத்து என்றொரு பதவி இருந்தது. வலிய என்றால் பெரிய. கணக்கு வழக்குக்கெல்லாம் தலைமை. இன்றைய பேச்சில் நிதி மந்திரி. பதவி பெயரோடு ஒட்டி, பெயர் குடும்பத்தோடு ஒட்டி, ஒட்டியவர்கள் உரித்துப் போட மறுத்ததில் பிறந்ததுதான் இந்தத் தொழில்பெயர். எங்கள் வீட்டிலும் ஒரு காரணவர் மேலெழுத்தாக இருந்தாராம் (காண்க: என் பாட்டா, திண்ணைப் பேச்சு). இல்லை, மேலெழுத்தின் வீட்டுக்கு விறகு கொடுத்தாராம் (மேற்படி பாட்டா, திருத்திய பேச்சு, இரண்டாம் வெற்றிலைக்குப் பின்).

முதல் சிக்கல், 'மேல்' என்றால் என்ன? கேரளக் கோயில்களில் மேல்சாந்தி என்பவர் தலைமைப் பூசகர், கீழ்சாந்தி அவருக்கு உதவியாளர். அதே மாதிரி, எழுதுகிறவர்களில் தலைமையானவர் மேலெழுத்து. இந்த விளக்கம் பொருத்தமாகவும் எளிமையாகவும் யாருக்கும் புரிவதாகவும் இருப்பதால் இதை நிராகரிக்கிறேன்.

தமிழில் மேல் என்றால் மேற்கு. மேலத் தெரு, கீழத் தெரு இல்லாத ஊர் உண்டா? ஆகவே மேலெழுத்து என்பவர் மேற்கே பார்த்து எழுதியவர், அல்லது மேற்கே உட்கார்ந்து எழுதியவர், அல்லது மேற்கிலிருந்து வந்த சம்பளத்துக்கு எழுதியவர். இங்கேதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. தமிழ்நாட்டில் மலை மேற்கே, கடல் கிழக்கே. உயரம் மேல், தாழ்வு கீழ். அதனால் மேற்கு, கிழக்கு. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் எல்லாம் தலைகீழ்: மலை கிழக்கே, கடல் மேற்கே. இருந்தும் மலையாளத்தில் உயரமான திசைக்குப் பெயர் கிழக்கு. 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதைக் கவனித்து, இந்தச் சொல் மலைக்கு அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஆக, கிழக்கேகோட்டை என்ற பெயரே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய பெயர். இறங்கின இடத்தில் மேடு எது, பள்ளம் எது என்று அது பார்க்கவில்லை.

ஆனால் எதிரே இருப்பது மேலக்கோட்டை அல்ல, படிஞ்ஞாறேகோட்டை. ஞாயிறு படுகிற பக்கம். அப்படியானால், கிழக்கோடு கிளம்பி வந்த மேற்கு எங்கே போயிற்று? கோட்டையில் இல்லை, தெருவில் இல்லை. மேற்கு மொத்தமும் கணக்கர்களிடம் சிக்கிக்கொண்டது என்பதே என் முடிபு. மேல்சாந்தியைக் காட்டி மறுப்பவர்கள் அவர் எந்தத் திசையில் நிற்கிறார் என்று முதலில் அளந்து சொல்லட்டும்.

மேலெழுத்து இருந்தால் கீழெழுத்து இருந்திருக்க வேண்டும். அவரைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். பழவங்காடியில் சிதறுதேங்காய் விற்கும் அம்மாவிடம் கேட்டேன், 'பெரிசா சிறிசா?' என்றார் (நேர்ப்பேச்சு, சில்லறை எண்ணும்போது குறுக்கிட்டதால் முற்றுப்பெறாதது). ஒரு கடையில், கீழெழுத்து என்று தொடங்கும் ஆவணம் ஒன்று அகப்பட்டது (மஞ்சள்பொடி மடித்த பொட்டலத்தாள், வரி 3 முதல் 5 வரை, 4-ஆம் வரி மஞ்சளில் மறைந்தது, மறைந்த சொல்லைக் கடைக்காரர் 'கடுகு' என்று படிப்பது ஏற்புடைத்தன்று). விரித்துப் பார்த்தால் 'கீழெழுத்து' அல்ல, 'கீழே விழுந்து'. மாட்டுவண்டி விபத்துச் செய்தி. ஆயினும் வண்டி மேற்கிலிருந்து வந்திருக்கிறது என்பதை அறிஞர் உலகம் கருத்தில் கொள்ளவேண்டும்.

சிரிப்பவர்களுக்கு ஒரு சொல். இதே கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வலியசாலை இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை அதுதான் என்பது பலர் கருத்து. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் ராஜராஜ சோழன் அங்கே 'கலம்' அறுத்ததாகக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கலம் என்றால் கப்பல் என்றார்கள் சிலர். உடனே கடற்போர் நடந்தது. சாப்பிடும் பாத்திரம் என்றார்கள் வேறு சிலர். உடனே ஊட்டுப்புரையில் இலை குறைந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையே இதில் இறங்கி, காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஆயிரம் வருஷமாகியும் சோழன் கடலில் இறங்கினானா, சோற்றில் கை வைத்தானா என்று தீரவில்லை. மேலெழுத்தைவிட இரண்டெழுத்து குறைந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர்கள், என் மேற்குக்கு ஒரு மூலை கொடுத்தால் குடி முழுகாது.

கலத்தில் குழப்பம் இருக்கலாம். இந்த ஊரில் நடந்த இன்னோர் 'அறுத்த'லில் எது அறுபட்டது என்பதில் குழப்பமே இல்லை. 1798-இல் திருவிதாங்கூர் மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா இறந்து, பாலராமவர்மா இளவயதில் பட்டத்துக்கு வந்தார். ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, மாத்துத் தரகன், சங்கரநாராயணன் செட்டி என்ற மூவரும் சேர்ந்து ராஜ்யத்தைப் பிழிந்தார்கள். இதில் செட்டிதான் வலிய மேலெழுத்து. 1799-இல், பிற்பாடு தளவாயான வேலுத்தம்பி கூட்டம் திரட்டிக்கொண்டு தலைநகருக்கு வந்தார். நம்பூதிரிக்கு நாடு கடத்தல். தரகனுக்கும் மேலெழுத்துக்கும் காது அறுப்பு. சங்குண்ணி மேனோன் 1878-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாற்றில் இந்த மூவர் கதையைப் படிக்கலாம். 1906-இல் வந்த நாகமய்யாவின் மூன்று தொகுதி மானுவலைத் தூக்கிப் பார்த்தால் வரலாற்றின் எடையும் தெரியும்.

இந்தப் பெயர் ஏன் அபூர்வமாகிவிட்டது என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. கணக்கெழுதுகிறவனுக்கு முதல் கருவி காது. நம்பாதவர்கள் சாலைத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். மொத்தவியாபாரக் கடையில் அண்ணாச்சி மூட்டைகளை எண்ணுவார். சிவப்பும் கறுப்பும் கோடு போட்ட பென்சில், முனை மழுங்கி, பின்பக்கம் பல்லால் கடிபட்டு, வலது காதுமடலுக்கு மேல் சாய்ந்து நிற்கும். கை அதை எடுக்கும், சிகரெட் அட்டையின் உட்புறத்தில் நாலு எண்ணைக் கூட்டும், திரும்பக் காதில் வைக்கும். கண் அந்தப் பக்கம் போகவே போகாது. ஆ. மாதவன் இந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே இந்தத் தெருவைக் கதைகளாக எழுதினார். அவர் கதைகளை அலசிய யாரும் அவர் காதை ஆராயவில்லை. நம் விமர்சனத்தின் வறுமைக்கு வேறு சான்று வேண்டாம்.

ஆக, காது போனால் பென்சில் போச்சு. பென்சில் போனால் கணக்கு போச்சு. கணக்கு போனால் பெயர் எதற்கு? மூன்று தடைகள் எழலாம். முதல் தடை: தரகனுக்கும்தானே காது போயிற்று? அந்தப் பெயர் இன்றும் கேரளத்தில் கொழிக்கிறதே! விடை: தரகனுக்குக் காது தேவையில்லை, வாய் போதும். அவர் பேசுகிறவர், கேட்கிறவர் அல்ல. இரண்டாம் தடை: 1799-இல் பென்சில் ஏது, எழுத்தாணி அல்லவா? இரும்பு எழுத்தாணியைக் காதில் செருகினால் காது கிழிந்துவிடுமே? விடை: ஆம், கிழிந்துவிடும். வேலுத்தம்பி வந்தபோது காதுகள் ஏற்கெனவே பாதி கிழிந்திருந்தன என்ற துணைக்கொள்கையை இதன் மூலம் முதன்முதலாக வெளியிடுகிறேன் (விரிவுக்குக் காண்க: பாட்டாவின் 'பால்காரன் பாக்கி' நோட்டு, பின்னட்டையின் உட்புறம், தலைகீழாகப் பிடித்து விளக்கருகே படித்தது, அதற்கு அத்தை எழுதிய மறுப்பு, அதே பக்கம், கண்மையால், மறுப்புக்கு மறுப்பு, கரையான்).

மூன்றாம் தடையை நானே எழுப்பி நானே நசுக்குகிறேன்: காது போனதற்குக் கண்ணால் காணும் சான்று உண்டா? உண்டு. பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி இருக்கிறது. மணி அடிக்கும்போது தாடி வைத்த முகம் ஒன்று வாய் திறக்கும். இரண்டு ஆட்டுக்கடாக்கள் இரு பக்கமும் வந்து கன்னத்தில் முட்டும். கன்னம் என்பது பாமரர் வழக்கு. கன்னத்துக்குப் பின்னால் ஒரு விரற்கடை தள்ளிப் பார்த்தால் எது இருக்கிறது, அல்லது எது இருந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. மணிக்கு மணி, அரசு கஜானாவைத் தின்ற கணக்கனின் இரு காதிலும் கடா முட்டுகிறது! அந்த முகத்தில் காது உண்டா என்று உறுதி செய்யக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். போலீஸ்காரர் நகரச் சொன்னார். ஆய்வுக்குத் தடை எப்போதும் அதிகாரத்திடமிருந்துதான் வருகிறது.

மிச்சம் இருப்பது, இந்தப் பெயர் எத்தனை பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்ற விகிதம். பஸ் நிறுத்தத்தில் நின்று, 'உங்கள் குடும்பப்பெயர் மேலெழுத்தா?' என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டேன். ஒருவர், 'நெடுமங்காடா? அது அந்தப் பக்கம் நிற்கும்' என்றார். ஒருவர் நன்கொடை நோட்டு என்று நினைத்துப் பத்து ரூபாய் நீட்டினார் (ஆய்வு நிதியில் சேர்க்கப்பட்டது). ஒரு பாட்டி, 'என்னத்துக்கு மக்கா கேக்குத? கல்யாண ஆலோசனையா?' என்றாள். மேலெழுத்து ஒருவர்கூட இல்லை. விகிதம் சுழி. ஆய்வேடுகளில் சுழி வந்தால் அதைக் 'குறிப்பிடத்தக்க இன்மை' என்று எழுதுவதும், அதை விளக்க ஓர் இயல் ஒதுக்குவதும் மரபு. இடமின்மையால் இயலை விட்டுவிடுகிறேன்.

களப்பணியின் கடைசி நாள் ஒரு சான்றிதழுக்காக ஓர் ஆபீசுக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம். கவுண்ட்டரில் இருந்த அம்மாள், "காலியா விடக்கூடாது சாரே, கம்ப்யூட்டர் எடுக்காது" என்றார்.

"எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாதே."

"ஏதாவது எழுதுங்க. அப்பா பேரு, வீட்டுப் பேரு, எதுன்னாலும் சரி."

பாட்டாவை நினைத்துக்கொண்டு, விறகை மறந்துவிட்டு, 'மேலெழுத்து' என்று எழுதினேன். எழுத்து பெரிதாகிக் கட்டத்தைத் தாண்டி மேல் வரிக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் காதிலிருந்து பேனாவை எடுத்தார். நான் எழுதியதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"அய்யோ, மேலே எழுதுறது நாங்க. அங்கே ஆபீஸ் உபயோகம்னு போட்டிருக்கே. சார் கீழே எழுதினா போதும்."

கீழே எழுதினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாவைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். காதுகள் இரண்டும் இருந்தன.