ஓர் ஒற்றை மீட்டுத் தரக் கோரி

பெறுநர்: தமிழ் வளர்ச்சித் துறை, சென்னை.
அனுப்புநர்: திண்டுக்கல் நகரத்து இல்லங்களும் சுற்றுவட்டார இல்லங்களும்.
பொருள்: இல்லங்களில் நிலவும் இலக்கணப் பூசல்கள் – தீர்ப்பு வேண்டுதல்.
பார்வை: 2020 ஜூனில் வெளியாகி, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்ட ஊர்ப்பெயர் அரசாணை.

மதிப்பிற்குரிய துறைக்கு,

1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அரசு அலுவலகங்களுக்கே உரியது என்பதையும், கோப்புகளில் தமிழ் வழங்கும் முறையைப் பார்வையிடும் அலுவலர்கள் வீட்டுக் கூடங்களுக்குள் நுழைவதில்லை என்பதையும் அறிந்திருந்தும், அவ்வாய்வினும் கடுமையான ஆய்வு தங்கள் கூடங்களில் ஊதியமின்றி நாள்தோறும் நடைபெறுவதை இவ்வில்லங்கள் துறையின் கவனத்திற்குக் கொண்டுவருகின்றன.

பார்வையில் கண்ட அரசாணை, 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கில எழுத்தில் எழுத முனைந்தது. வேலூர், எழுத்துக்கூட்டிப் படித்தோர் நாவில் ‘வீலூர்’ ஆயிற்று. கோயம்புத்தூர் எழுத்து மிகுதியால் மூச்சு வாங்கிற்று. ஆயினும் திண்டுக்கல்லுக்கு ஒரு நன்மை விளைந்ததை மறைத்தல் தகாது. கோட்டையைச் சுமந்து நிற்கும் பாறை, திண்டு, அதாவது சாய்ந்துகொள்ளும் தலையணை, போன்ற தோற்றமுடையதால் ‘திண்டு போன்ற கல்’ என்பதே ஊர்ப்பெயர் ஆயிற்று என்பர்; ‘போன்ற’ என்னும் உவம உருபு மறைந்து நிற்கும் இத்தகைய தொடரை இலக்கணம் உவமைத்தொகை என்கிறது, அதில் வல்லினம் மிகும், அதாவது இரு சொற்களுக்கும் நடுவே ஓர் ஒற்று பிறக்கும். ஆங்கிலேயர் காலத்து ‘டிண்டிகல்’ விழுங்கியிருந்த அந்தக் ‘க்’, சில நாள்களுக்கு மீண்டு வந்து (‘நாட்களுக்கு’ என எழுதியிருந்தால் இக்கடிதம் வாசற்படியைத் தாண்டியிராது), அரசாணையோடு மறுபடியும் மறைந்தது.

துறை அத்தனை விரைவில் பின்வாங்கிய காரணம் இவ்வில்லங்களுக்கு இன்றளவும் விளங்கவில்லை. ஏனெனில், இங்கே எந்தப் பெரியப்பாவும் ஒரு திருத்தத்தைத் திரும்பப் பெற்றதாக வரலாறு இல்லை. ‘சுவற்றில் ஆணி அடி’ என்று ஒருவர் சொன்னால், ஆணி இறங்குமுன் சொல் பிடுங்கப்படும். வயிறு போல் ‘று’வில் முடியும் சொல்லே ‘வயிற்றில்’ என இரட்டிக்கும், சுவர் ‘சுவரில்’ என்றே உருபேற்கும் என்னும் விளக்கம் முடிவதற்குள் சுத்தியலைப் பிடித்த கை சோர்ந்துவிடும். ‘பதட்டம்’ என்றவர், அது ‘பதறு’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘பதற்றம்’ என்று கேட்ட பின்னரே மெய்யாகப் பதறத் தொடங்குகிறார். பூட்டுக்குப் புகழ்பெற்று, 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்ற இவ்வூரில், தொலைந்த சாவியைத் தேடுவோரைவிட, அது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல், ‘திறவுகோல்’ என்க, எனத் திருத்துவோரே மிகுதி. 1957-இல் உணவகம் தொடங்கிய நாகசாமி நாயுடுவின் தலைப்பாகை ‘தலப்பா’ எனச் சுருங்கிப் பிரியாணிக்குப் பெயரானது மட்டும், இலை விரித்த மாத்திரத்தில் மன்னிக்கப்படுகிறது.

மாவட்டத்தின் கிழக்கு மதுரைப் பேச்சையும் மேற்கு கொங்குப் பேச்சையும் தழுவி நிற்பதால், சம்பந்தம் செய்துகொள்ளும் வீடுகளில் சிக்கல் இரட்டிக்கிறது. நத்தம் பக்கத்து மாமியார் ‘அங்கிட்டு’ என்பதும், பழனிப் பக்கத்து மருமகள் ‘அக்கட்டால’ என்பதும் ஒன்றையொன்று பிழையெனக் கருதி முறைத்து நிற்கையில், பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியராகிய சித்தப்பா குறுக்கிட்டு, இரண்டும் வழு, ‘அப்பக்கம்’ என்பதே செவ்விது எனத் தீர்ப்பளிப்பார். அக்கணமே மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியாகிவிடுவர். குடும்ப ஒற்றுமைக்கு இலக்கணம் ஆற்றிவரும் தொண்டு இதுவொன்றே என்று துணிந்து கூறலாம்.

இவையனைத்தும் பொறுக்கத்தக்கவை. பொறுக்கவியலாதது ‘வாழ்த்து’ என்னும் சொல்லின் பன்மை. வல்லின ஒற்றை அடுத்து வரும் குற்றியலுகரத்தின், அதாவது ஓசை குறைந்த உகரத்தின், பின் வல்லினம் மிகுமாதலால் ‘வாழ்த்துக்கள்’ என்பதே முறை என்கிறார் பெரியப்பா. ‘கள்’ இங்கே தனிச்சொல் அன்று, விகுதி, ஒற்றிட்டால் வாழ்த்தோடு பனங்கள்ளும் பரிமாறப்படும் என்கிறார் சித்தப்பா. பாறையிலிருந்து பறிபோன ‘க்’ கல்யாணப் பத்திரிகையில் வந்து குடியேறியதோ என்னும் ஐயமும் சிலருக்கு உண்டு.

ஆகவே, 1018 ஊர்களை ஒரே அரசாணையில் திருத்தத் துணிந்த துறை, இந்த ஓர் ஒற்றுக்கு மட்டும் திரும்பப் பெறப்படாத விடையொன்றை வழங்கியருள வேண்டும். முகூர்த்தம் ஆவணியில், அச்சகத்தார் மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டார்.

இங்ஙனம்,
திண்டுக்கல் வட்டாரத்து இல்லங்கள்