பத்து கிராம் குருவியும் மூன்று கிலோ லென்ஸும்

ஸ்கார்பரோ, டொராண்டோ
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலம் என்பது போன வாரம் போனிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அக்கா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சில விலைகளை ஸ்பீக்கரில் சொல்லக் கூடாது. அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால்தலை ஒட்டி ஒரு கடிதம். படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைக்காதீர்கள்; சட்டையைத் துவைக்கப் போடுகிறவள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் அனுப்பிய போட்டோவில் என் தோளில் தொங்குகிற வெள்ளைக் குழாய் என்ன விலை என்று கேட்டீர்கள். அது லென்ஸ், அத்தான். கேனான் கம்பெனி 2023இல் கொண்டுவந்தது. 200 மில்லிமீட்டரிலிருந்து 800 வரை நீளும், இரண்டு கிலோ எடை. ஒன்டாரியோவின் 13 சதவீத வரியோடு சேர்த்து மூவாயிரம் டாலர் பக்கம் வரும். நம்மூர்க் காசில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம்.

உட்கார்ந்துவிட்டீர்களா? இனிமேல்தான் விஷயமே. பறவைப் படம் எடுக்கிறவர்கள் நடுவே இது தரித்திர லென்ஸ். இதே கேனானில் 600 மில்லிமீட்டர், எஃப்-4 என்று ஒன்று இருக்கிறது. மூன்று கிலோ எடை, விலை 17,000 டாலருக்கு மேல். பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. கேமரா தனி. தாங்கி நிற்க முக்காலி தனி. முக்காலியின் தலை தனி. ஆமாம், முக்காலிக்குத் தலையைத் தனியாகத்தான் விற்பார்கள்; அதுவும் ஐந்நூறு அறுநூறு டாலர் கேட்கும்.

அந்த லென்ஸை மே மாதத்தில் பாயின்ட் பீலியில் பார்த்தேன். கனடா நிலப்பரப்பின் தென்கோடி அதுதான். ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல்முனை. இங்கிருந்து காரில் நாலு மணி நேரம். தெற்கே வெப்பநாடுகளில் குளிர்காலத்தைக் கழித்த வார்ப்ளர் குருவிகள் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியைத் தாண்டி வந்து, விடிகிற நேரத்தில் கண்ணில் படுகிற முதல் தரையில் இறங்கிவிடும். பலதும் பத்து கிராம் தேறினால் அதிகம். வந்து சேர்ந்த களைப்பில் மனுஷனைப் பார்த்துப் பயப்படக்கூட அதற்குத் தெம்பு இருக்காது. காலடியிலேயே பூச்சி பொறுக்கிக்கொண்டு திரியும். குருவிகள் வந்து இறங்குகிற அந்த இரண்டு மூன்று வாரமும் பக்கத்து ஊர் லாட்ஜுகளில் அறை கிடைக்காது. கிடைத்தால் வாடகையைக் கேட்டு நமக்குத் தெம்பு இருக்காது.

முனைக்குப் போகிற காட்டுப்பாதையில் ஒரு பெரியவர் முக்காலி போட்டு நின்றார். உடம்பு முழுக்க இலைதழை அச்சடித்த உடுப்பு. லென்ஸுக்கும் அதே துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார். நான் மரியாதையாக ஒதுங்கி நின்றேன். அந்த நேரம் பார்த்து, மஞ்சள் குழைத்துப் பூசிய மாதிரி ஒரு புரோதோனோட்டரி வார்ப்ளர் வந்து கீழே கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தது. அவருக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை மீட்டர்கூட இல்லை. அங்கேதான் சிக்கல். அந்தப் பத்து லட்ச லென்ஸுக்கு 4.2 மீட்டருக்குள் இருக்கிற எதுவும் தெளிவாகத் தெரியாது. மனிதர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர ஆரம்பித்தார். பின்னால் ஒரு கும்பல். “எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ” என்று அவர் வழி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பள்ளிக்கூடப் பெண் குனிந்து செல்போனில் இரண்டு படம் எடுத்து, அம்மாவிடம் காட்டிவிட்டு, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டாள். 17,000 டாலர் இன்னும் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

என் தரித்திர லென்ஸ் 200இல் வைத்தால் 80 சென்டிமீட்டர் வரைக்கும் பார்க்கும். எனக்குப் படம் கிடைத்தது. அதை இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்ல?

ஆனால் லென்ஸ் விலை கேட்டீர்களே, அந்தக் காலைப்பொழுதின் விலையைக் கேட்கவில்லை. பெட்ரோல், இரண்டு ராத்திரி லாட்ஜ், பூங்கா நுழைவுச்சீட்டு, வழியெல்லாம் டிம் ஹார்ட்டன்ஸ் காபி, “நானும் வருவேன்” என்று கூடவே கிளம்பிய, நீங்கள் எனக்குக் கட்டிக்கொடுத்த உங்கள் தங்கச்சியும் மருமகனும், அவர்களுக்காக வழியில் நிறுத்திய கடைகள். லென்ஸ் அலமாரியில் இருக்கிறவரை பச்சைத்தண்ணீர்கூடக் கேட்காது. வெளியே எடுத்தால்தான் வினை. பனி ஆந்தையைத் தேடிப் போகிற ஜனவரியைக் கேளுங்கள். மைனஸ் இருபதில் பேட்டரி பாதிநேரத்திலேயே படுத்துவிடும். இரண்டை உள்சட்டைப் பைக்குள் போட்டு உடம்புச் சூட்டில் வைத்திருந்து மாற்றி மாற்றிப் போடவேண்டும். விரல்நுனி மட்டும் திறந்து மூடுகிற கையுறை தனி விலை. வீட்டுக்கு வந்ததும் கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடி பூராவும் வேர்த்துவிடும். அதனால் வெளியிலேயே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே கொண்டுவந்து இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் வைக்கவேண்டும். நான் மூக்கு சிவந்து உள்ளே வரும்போது, “கேமராவுக்குக் குளிரலையே?” என்று உங்கள் தங்கச்சி முதலில் அதைத்தான் விசாரிக்கிறாள்.

அவளைச் சமாதானப்படுத்த நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற வழிதான். தன் பொழுதுபோக்கைவிட அதிகம் செலவு வைக்கிற ஒன்றைக் கைகாட்டிவிடுவது. கேமராக்காரன் கோல்ஃப்காரனைக் காட்டுவான். கோல்ஃப்காரன் ஹாக்கிப் பிள்ளையின் அப்பாவைக் காட்டுவான். அந்த அப்பா படகுக்காரனையும், படகுக்காரன் குதிரைக்காரியையும், குதிரைக்காரி விமானம் ஓட்டுகிறவனையும் காட்டுவாள். விமானம் ஓட்டுகிறவனுக்குக் காட்ட ஆள் இல்லை. அவன் மேலே போய்விடுகிறான்.

கோல்ஃபை விடுங்கள். டொராண்டோவைச் சுற்றி இருக்கிற பெரிய கிளப்புகளில் உள்ளே நுழையவே பத்தாயிரக்கணக்கில் கட்டவேண்டும். குளிர்காலத்தில் மைதானமே பனிக்கு அடியில் கிடக்கும். எனக்கு அதில் எந்த ருசியும் இல்லை.

ஹாக்கியைச் சொல்கிறேன். நம்மூர் ஹாக்கி இல்லை, பனிக்கட்டி மேல் சறுக்கி ஆடுகிறது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரரின் மகள் கோல்கீப்பர். கோல்கீப்பர் காலில் கட்டுகிற பேடு ஜோடி நல்லதாக வேண்டுமென்றால் இரண்டாயிரம் டாலரைக்கூடத் தாண்டும். மட்டை கார்பனில் செய்தது. நல்லது முந்நூறுக்குக் குறையாது, ஓங்கி அடித்தால் இரண்டாக ஒடியும். பிள்ளைக்கு வருஷா வருஷம் கால் வளரும், சறுக்குக் காலணியும் கூடவே வளரவேண்டும். பனித்தளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள். மலிவான மணி விடிவதற்கு முன்னால்தான். அதனால் அவர் காலை ஐந்தரைக்குக் காரின் மேல் பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். நான் ஆந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொள்வோம். ‘ஏஏஏ’ என்று சொல்கிற மேல்பிரிவில் ஆடினால் வருடச் செலவு பத்தாயிரம் டாலரைத் தாண்டும் என்பது இங்கே எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்த கணக்கு. என் பழைய லென்ஸை விற்றால் பாதிக்கு மேல் காசு திரும்பும். ஹாக்கிப் பையை யார் வாங்குவார்? அந்த வாடை அறிந்தவர்கள் இலவசமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார்கள். அவர் வீட்டுக் கார் ஷெட் திறந்தால் நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம்.

படகு வேறு ரகம். எங்கள் ஆபீஸில் ஒருவர் ஒன்டாரியோ ஏரிக்கரையில் படகு வைத்திருக்கிறார். அதை நிறுத்துகிற இடத்துக்கு வாடகை அடிக்கணக்கில். படகு எத்தனை அடி நீளமோ அத்தனை மடங்கு. அக்டோபர் வந்தால் கிரேன் வைத்துக் கரைக்குத் தூக்கவேண்டும், அதற்குக் காசு. எஞ்சினில் தண்ணீர் தங்கினால் உறைந்து வெடித்துவிடும் என்று அதை வடித்து உறையாத திரவம் ஊற்றவேண்டும், அதற்குக் காசு. அப்புறம் படகு முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, நெருப்புக் குழலால் சூடு காட்டி இறுக்கிக் கட்டுவார்கள். மே மாதம் அதே பிளாஸ்டிக்கைக் கிழித்தெறியவும் காசு. ஆறு மாதம் தண்ணீரில், ஆறு மாதம் பார்சலில். கோடை முழுவதும் அவர் அதில் எத்தனை முறை ஏறினார் என்று நான் கேட்கவில்லை. நண்பரிடம் கேட்கிற கேள்வியா அது?

குதிரை வளர்க்கிறவர்களுக்கு லாயத்து வாடகை மாதம் ஆயிரம் டாலரை ஒட்டி ஆகும். ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ லாடம் கட்டுகிறவர் வருவார், ஏறினாலும் ஏறாவிட்டாலும். விமானமோ, செஸ்னா 172 என்கிற நாலு இருக்கைச் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்தால் மணிக்கு இருநூறு டாலருக்கு மேல். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் மீட்டர் ஓடும்; ஓடுதளத்தில் உத்தரவுக்காகக் காத்து நிற்கும்போதும் ஓடும். நம்மூர் ஆட்டோவில் ஓடாத மீட்டரெல்லாம் இங்கேதான் வந்து ஓடுகிறது.

இத்தனை பேரையும் அடுக்கிவைத்துப் பார்த்தபிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது, அத்தான். கேமராச் செலவு அதிகமில்லை, அது கண்ணில் படுகிற செலவு, அவ்வளவுதான். ஒரே ரசீதில் வரும், தோளில் தொங்கும், ஊரெல்லாம் விலை கேட்கும். மற்றவர்களுக்கு மாதா மாதம் சொட்டுச் சொட்டாக ஒழுகும்; வருஷக் கடைசியில் கூட்டிப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் வராது.

ஒழுகுகிற செலவு கேமராவிலும் இருந்ததுதான். எங்கள் ஒன்டாரியோ ஏரியின் அக்கரையில் ராச்செஸ்டர் என்று ஒரு ஊர், கோடக் கம்பெனியின் சொந்த ஊர். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் முதல் கோடக் கேமராவை 25 டாலருக்கு விற்றார். உள்ளே நூறு படத்துக்கான சுருள். முடிந்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவைத்தால், படத்தைக் கழுவி அச்சுப் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு 10 டாலர். கேமராவை ஒரு தடவை வாங்கினால் போதும், பத்து டாலரை ஆயுசுக்கும் கட்டவேண்டும். பலே ஆள். பிறகு 1900இல் பிரவுனி கேமரா ஒரே டாலருக்கு வந்தது, லாபம் சுருளில்தானே. இங்கே டொராண்டோவிலேயே கோடக்குக்குப் பெரிய தொழிற்சாலை இருந்தது. 2005இல் மூடிவிட்டார்கள். மிச்சமிருக்கிற ஒரு கட்டடம் இன்று மவுண்ட் டென்னிஸ் ரயில் நிலையத்தோடு சேர்ந்துவிட்டது.

சுருள் காலம் போயிற்று என்று பார்த்தால், இளவட்டங்கள் இப்போது அதையே தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். 36 படம் எடுக்கிற நல்ல கோடக் ரோல் இருபது டாலருக்கு மேல். கழுவவும் ஸ்கேன் பண்ணவும் கிட்டத்தட்ட இன்னொரு இருபது. ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் ஒரு டாலர் காலி. உங்கள் கல்யாணத்தில் போட்டோக்காரர், ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் மேடை ஏறும்போதெல்லாம் படம் எடுக்காமல் வெறும் ஃபிளாஷ் மட்டும் அடித்தாரே, அவர் புத்திசாலி. என் கேமரா ஒரு விநாடிக்கு முப்பது படம் எடுக்கும், காசு கேட்காது. அத்தனையையும் உட்கார்ந்து பார்த்துக் கழிக்கிற ராத்திரிகளுக்கு யாரும் எனக்குக் காசு கொடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பைத்தியத்தின் உச்சி எங்கே என்று கேட்டால், 2022இல். அந்த மே மாதம் நியூயார்க் ஏலத்தில் மேன் ரே எடுத்த புகைப்படம் ஒன்று 12.4 மில்லியன் டாலருக்குப் போனது. ஏலத்தில் அதுவரை எந்தப் போட்டோவுக்கும் அத்தனை விலை கிடைத்ததில்லை. அடுத்த மாதமே ஜெர்மனியின் வெட்ஸ்லார் ஊரில், லைக்கா கேமராவை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக் தன் கையில் வைத்திருந்த பழைய கேமரா 14.4 மில்லியன் யூரோவுக்குப் போனது. படத்தைவிடப் பெட்டிக்கு மதிப்பு என்று உலகமே ஒத்துக்கொண்டுவிட்டது. இதை உங்கள் தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். “அப்போ பெட்டியை மட்டும் வச்சுக்கிட்டு வீட்டிலேயே இருக்கலாமே, ஏன் நாலு மணி நேரம் கார் ஓட்டணும்?” என்றாள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போன மாசி மாதம் புதிதாக ஒரு பூஞ்சிட்டு மாட்டு ஜோடி பிடித்தீர்களாமே, வண்டிப் பந்தயத்துக்கு. பெரியப்பா மகன் சொன்னான். பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம், முட்டை. குளத்தில் நீச்சல் பழக்க ஒரு ஆள், ஓட்ட ஒரு ஆள். ஊர் ஊராக ஏற்றிப்போக வண்டி வாடகை. ஜெயித்தால் ஒரு கேடயமும் கொஞ்சம் பணமும்; அந்தப் பணமும் அன்று ராத்திரியே கூட வந்தவர்களின் பரோட்டாவுக்குச் சரியாகிவிடும். என் கணக்கில் நீங்கள் குதிரைக்காரிக்கு மேலே, விமானக்காரனுக்கு ஒரு படி கீழே நிற்கிறீர்கள். குறை சொல்லவில்லை. என் குருவி சாப்பாடு கேட்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மார்கழிக் கடைசியில் ஊருக்கு வருகிறோம். தை மாதப் பந்தயத்தை நான் படம் எடுக்கவேண்டும். வண்டிகள் திரும்புகிற கொடிக்கு எதிரே, வெயில் முதுகில் விழுகிற பக்கமாக, ரோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒரு இடம் பிடித்துவையுங்கள். லென்ஸைப் பார்த்து அக்கா கேட்டால், ஆபீஸில் இரவல் வாங்கியது என்று சொல்லப்போகிறேன். அந்தப் பூஞ்சிட்டு ஜோடிக்கு அவளிடம் என்ன விலை சொல்லிவைத்திருக்கிறீர்கள் என்பதை மறக்காமல் பதில் கடிதத்தில் எழுதுங்கள். நான் போய் வேறு கணக்குச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

உங்கள் மச்சினன்