பத்தாயிரம் வாட்

முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவன் நான். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, நாயிடம் தப்பித்து வருவது தொழில். அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம் ரிச்சி தெருவில் ஒரு கடை வாசலில் நின்று, ‘10,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று தங்க எழுத்தில் அச்சடித்த ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்ததும் பணத்தை எடுத்தேன் என்றால், அதற்கு எங்கள் ஊர்ப் புளியமரம்தான் பொறுப்பு.

அம்மன் கோயில் கொடைக்கு அந்த மரத்தில்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ரேடியோ செட்காரர் இசைத்தட்டில் ஊசியை வைத்தால் மூன்று ஊருக்குக் கேட்கும். அந்தச் சத்தம் வயசான காலத்தில் திரும்ப வேண்டும்போல இருந்தது. செல்போனில் இளையராஜாவைப் போட்டால், மனுஷன் ஏதோ பிஸ்கட் டின்னுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோலக் கேட்கிறது.

“சார், இதைப் பாதி வால்யூம் வெச்சாலே கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துருவாரு” என்றான் கடைப்பையன். அந்த உத்தரவாதத்தில்தான் விழுந்தேன். 6,500 சொன்னான், 4,200-க்கு முடித்தேன். பேரத்தில் ஜெயித்த மப்பில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்க மறந்துபோனேன்.

வீட்டில் சாமி படத்துக்குக் கீழே வைத்து, வால்யூமை முழுசாகத் திருகினேன். பாட்டு தொடங்கி அரை நிமிஷம் ஆகியிருக்கும். அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: “ஏங்க, உங்க போன் அடிக்குது. யாருன்னு பாருங்க.”

உத்தியோக புத்தி அப்போதுதான் திரும்பி வந்தது. கூடவே கொடுத்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் எறும்பு எழுத்தில் 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 24 வாட். எங்கள் கூடத்து எல்.இ.டி. டியூப்லைட் 20 வாட். மனைவியின் மிக்ஸி 750. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஊரில் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் ஓடுவது 5 ஹெச்.பி. மோட்டார், 3,730 வாட். பத்தாயிரம் வாட் வேண்டுமென்றால் அண்ணனிடம் அதுபோல இரண்டரை மோட்டாருக்கு மேல் இருக்க வேண்டும். அவ்வளவு மின்சாரமும் செல்போன் சார்ஜர் தடிமனுள்ள ஒரு ஒயரில் வருவதாக அந்தப் பெட்டி என்னிடம் சொல்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டேன். பத்தாயிரம் வாட் ஒரு மணி நேரம் இழுத்தால் 10 யூனிட். பத்து மணி நேரம் பாட்டுக் கேட்டால், இரண்டு மாதத்துக்கென்று அரசு கொடுக்கிற 100 இலவச யூனிட்டும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். நியாயமாகப் பார்த்தால் நான் கடைக்காரனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் புகாரோடுதான் போய் நின்றேன். கடைக்காரர், “நாங்க விக்கறதோட சரி, கம்பெனில பேசுங்க” என்று அட்டையிலிருந்த எண்ணைக் காட்டினார். பேசினேன். தமிழுக்கு 4. பழுதுக்கு 2. ஒலி சம்பந்தமான பழுதுக்கு 6. காத்திருக்கும்போது ஒரு சங்கீதம் போட்டார்கள். என் ஸ்பீக்கரைவிடச் சத்தமாகக் கேட்டது. பதினெட்டு நிமிஷம் கழித்து ஒரு பெண் வந்தார்.

“உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம் சார்.”

என்ன சிரமம் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.

“பெட்டியில பத்தாயிரம் வாட்டுன்னு போட்டிருக்கும்மா. அடாப்டர்ல 24தான் இருக்கு.”

“ஒருமுறை அடாப்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்.”

பண்ணினேன். “இப்பவும் 24தாம்மா.”

“அஞ்சு நிமிஷம் விட்டுட்டு ஆன் பண்ணிப் பாருங்க சார்.”

குழந்தையைக் குறை சொல்ல மனசு வரவில்லை. எதிரில் திரையில் இருப்பதைத்தானே வாசிக்க முடியும்? நானும் மீட்டரில் இருப்பதை வாசித்துத்தான் முப்பத்தொரு வருஷம் வசவு வாங்கினேன்.

பதினான்கு இலக்கத்தில் ஒரு புகார் எண் வந்தது. பின்னாலேயே வாட்ஸ்அப்பில் செய்தி: ‘பழுது தெளிவாகத் தெரியும்படி மூன்று புகைப்படங்கள் அனுப்பவும்.’ சத்தம் போதவில்லை என்பதை எந்தக் கோணத்தில் படமெடுப்பது? மனைவி யோசனை சொன்னாள். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதருகே கையைக் குவித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டேன், அவள் எடுத்தாள். என் ஆயுளில் எடுத்த படங்களிலேயே உயிரோட்டமானது அதுதான். பதில் வந்தது: ‘படத்தில் நபர் மறைக்கிறார். பொருளை மட்டும் அனுப்பவும்.’ அனுப்பினேன். அடுத்து, பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோ வேண்டுமாம். எங்கள் கல்யாணத்துக்கே வீடியோ கிடையாது.

மறுநாள் காலை, ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று கேட்டார்கள். ஒன்று கொடுத்தேன். நான்கே நிமிஷத்தில் போன் வந்தது, ஏன் ஒன்று என்று விசாரிக்க. அந்த நிறுவனம் வேகமாகச் செய்யும் காரியம் எது என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தப் போனில் கத்தியதில்தான் புகார் மறுபடி உயிர்பெற்றது.

ஒன்பதாம் நாள் ஒரு தம்பி டூல்ஸ் பையோடு வந்தார். காபி கொடுத்து உட்கார வைத்தோம். பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, “பீஸ் நல்லாத்தான் சார் இருக்கு” என்றார். பத்தாயிரம் எங்கே என்றேன்.

“அது நெஜ வாட் இல்ல சார். கண்ணு இமைக்கறதுக்குள்ள வந்து போற உச்சம்னு வெச்சுக்கங்க. ஆர்.எம்.எஸ்.னு ஒண்ணு இருக்கும், அதான் நெஜம்.”

அந்த நிஜம், பெட்டியின் அடிப்பக்கம், பார்கோடுக்கு அருகில் ஒண்டிக்கொண்டு கிடந்தது: 20 வாட். பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதியே கிடையாது. விற்கிறவர்களின் துணிச்சல்தான் அளவுகோல். தம்பி நல்லவர். காபியின் கடைசி வாய் அவரை இன்னும் நல்லவராக்கியது.

“போன வருஷம் இதுலயே 8,000-னுதான் சார் போட்டிருந்தோம்.”

“உள்ள என்ன மாத்தினீங்க?”

“டப்பா சார்.”

அவர் போனதும் ஊர் ரேடியோ செட்காரர் ஞாபகம் வந்தது. குழாயின் பின்னாலிருக்கும் யூனிட்டை ஒருமுறை கழற்றிக் காட்டியிருக்கிறார். 40 வாட்தான் அது. இந்த மாதிரி குட்டிப் பெட்டிகளில், உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு சத்தமானாலே பெரிது, மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். வாயகன்ற அந்தக் குழாய் அதே மின்சாரத்திலிருந்து பல மடங்கு சத்தத்தைக் கறந்துவிடும். நாற்பதை வைத்துக்கொண்டு மூன்று ஊரை எழுப்பிய அந்த மனுஷன் குழாயில் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை.

அந்த ரோஷத்தில் 1915-க்குப் போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே புகாரை வாங்கிக்கொண்டார்கள். பிறகு கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட கட்டணமே கிடையாது என்றேன். “நாலாயிரம் ரூபாய்க்கு கோர்ட்டுக்குப் போறேன்னு மிரட்டறீங்களே, கூசலையா?” என்றாள் மனைவி. “ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்” என்றார் அந்தப் பெண். மறுபடி சங்கீதம்.

மூன்றாம் நாள், எந்த எண்ணையும் அழுத்தாமலேயே ஒரு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என் மனக்குறை அவர்களுக்குப் புரிந்துவிட்டதாம். புது மாடலே மாற்றித் தருகிறார்களாம், ஒரு பைசா வேண்டாமாம். சொன்னபடி வந்தும் சேர்ந்தது. பெட்டியில் இன்னும் பெரிய தங்க எழுத்து: 15,000 வாட். அடாப்டரைத் திருப்பினேன். 12 வோல்ட், 2 ஆம்பியர்.

ஆனாலும் புதுசு இல்லையா? போட்டுப் பார்த்தேன். இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பையன்.

“அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. சத்தம் தாங்க முடியல.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. “கீழ வரைக்கும் கேக்குதா?”

“நல்லாவே கேக்குது அங்கிள். பாப்பா இப்பதான் தூங்கறா. ஆன்ட்டிகிட்ட சொல்லி அந்த மிக்ஸிய மட்டும் கொஞ்ச நேரம் கழிச்சுப் போடச் சொல்றீங்களா?”