காவலர் அசையலாமா?

கேள்வி: ‘ஒரு நிமிடம் ஆடாமல் நில்’ என்றால் நிற்காத நான்கு வயதுப் பிள்ளைக்கு, விளையாட விட்டால் மட்டும் அடக்கம் வந்துவிடுமா?

பதில்: விளையாட விட்டு, கூடவே காவல் வேலையும் கொடுத்தால் வரக்கூடும். சோவியத் உளவியலாளர் மனுய்லென்கோ 1948இல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே அசையாமல் நிற்கச் சொன்னபோது விரைவிலேயே நெளியத் தொடங்கிய பாலர் பள்ளிப் பிள்ளைகள், காவலராக வேடமேற்றபோது, அதிலும் சக பிள்ளைகள் சூழ்ந்திருந்தபோது, அதைவிட வெகுநேரம் நின்றனர். மற்றொரு சோவியத் உளவியலாளரான லெவ் வைகாட்ஸ்கி 1933ஆம் ஆண்டு உரையிலேயே இதற்கான விளக்கத்தைத் தந்திருந்தார். கற்பனை விளையாட்டு கட்டற்றதாகத் தோன்றினாலும் ஒவ்வொரு வேடத்துக்குள்ளும் ஒரு விதி உண்டு. அம்மாவாக நடிக்கும் பிள்ளை, சொப்பில் சோறு வேகுமுன் எழுந்தோடினால் ஆட்டம் கலைந்துவிடும் என்பதால், ஓடத் துடிக்கும் கால்களைத் தானே அடக்கிக்கொள்கிறது. இவ்வாறு உந்துதலையும் கவனத்தையும் உணர்ச்சியையும் பிறர் அதட்டாமலே ஆளும் திறனைத்தான் உளவியலார் தன்னொழுங்கு என்பர். ஆனால் மனுய்லென்கோவின் ஆய்வில் மூன்று வயதினரிடம் வேடத்தின் பிடி தளர்வாகவே இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

நடிப்பு விளையாட்டுதான் தன்னொழுங்கை வளர்க்கிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்று உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட திறனாய்வு சுட்டியது. எனினும், கட்டளைக்கு நிற்காத பிள்ளை வேடத்துக்காக நிற்கிறது என்பது சிறிய செய்தியன்று. ஆகவே, சொப்புச் சாமானைப் பிடுங்கிவிட்டு எழுத்துப் பலகையை நீட்டும் பெற்றோர், சோறு வேகும்வரையாவது பொறுத்திருக்க வேண்டும்.