மருந்துக்கு ஒரு நடுவர்

அமெரிக்க ஓவியர் மேரி கசாட்டின் அப்பா பென்சில்வேனியாவில் பங்குத் தரகர். பங்குச்சந்தையில் பணத்தைப் போடலாம், ஓவியத்தில் வாழ்க்கையைப் போடக்கூடாது என்ற கட்சி. படம் வரையக் கற்றுக்கொள்ள ஐரோப்பா போகிறேன் என்று மகள் சொன்னதும், அதற்கு நீ செத்துப்போனாலும் தேவலை என்கிற ரீதியில் ஆசீர்வதித்தாராம். அம்மணி 1866-ல் பாரீசுக்குக் கப்பலேறிவிட்டார்.

அங்கே அரசு ஓவியப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. 1897 வரை இல்லை. ஆகவே ழெரோம் என்ற பெரிய கையிடம் டியூஷன்; மிச்ச நேரத்தில் லூவர் மியூசியத்தில் உட்கார்ந்து பழைய மேதைகளைப் பார்த்துக் காப்பியடிப்பது. பரீட்சையில் செய்தால் வெளியே தள்ளுவார்கள். லூவரில் அதற்கென்றே அனுமதிச் சீட்டு தந்தார்கள். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்து ஊருக்குத் துரத்தியது. விற்கலாம் என்று சிகாகோவுக்குச் சில படங்களைக் கொண்டுபோனார். 1871-ல் சிகாகோவே எரிந்தது. படங்களும்தான்.

மறுபடி பாரீஸ். மகள் ஓவியராவதற்குச் சாகலாம் என்ற அதே அப்பா, 1877-ல் மனைவியோடும் மூத்த மகளோடும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு மேரியிடமே வந்து இறங்கினார். வந்த கையோடு ஒரு சட்டமும் போட்டார்: ஸ்டூடியோ செலவை ஸ்டூடியோவே சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

1878-ல் வரைந்ததுதான் 'நீல நாற்காலியில் சிறுமி'. நல்ல கவுனை மாட்டி உட்காரவைத்த பெண், போங்கடா என்று காலை அகட்டிச் சாய்ந்துகிடக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு குட்டி நாய் சுருண்டு தூங்குகிறது. பின்னணியில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் தெகாவே தூரிகை போட்டார். இதை அந்த வருஷத்து உலகக் கண்காட்சியின் அமெரிக்கப் பகுதிக்கு அனுப்ப, நடுவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொத்தம் மூன்று நடுவர்கள். அதில் ஒருவர் மருந்துக்கடைக்காரர்! மற்ற இருவரை மன்னித்திருப்பாரோ என்னவோ, 1903-ல் ஓவிய வியாபாரி வொல்லாருக்கு எழுதிய கடிதத்திலும் அந்த மருந்துக்கடைக்காரரை அம்மணி விடவில்லை. படம் இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

தெகா அழைத்ததன்பேரில் 1879-ல் இம்ப்ரெஷனிஸ்டுகளோடு படம் வைத்தார். 1891-ல் ஜப்பானிய அச்சோவியங்களில் சொக்கிப்போய்ப் பத்து வண்ண அச்சோவியங்கள் செய்தார். தாயும் சேயுமாக வரைந்து தள்ளினார். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை.

1890-களின் கடைசியில் ஊருக்கு வந்தார். பிலடெல்பியா பத்திரிகை ஒன்று மறக்காமல் செய்தி போட்டது: ரயில்வே பெரும்புள்ளி கசாட்டின் தங்கை வந்திருக்கிறார், பிரான்சில் ஓவியம் படிக்கிறார், உலகத்திலேயே சின்ன பெக்கிங்கீஸ் நாய் அவரிடம்தான் இருக்கிறது. அம்மணிக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. அவர் ஆசையாக வளர்த்தது பெல்ஜிய நாட்டு கிரிஃபான் நாய்.