மேசை ரம்ப மீமாம்சை

கையால் தூக்கிச் செல்லத்தக்க கனமும், மனைவிக்கு முன்கூட்டிச் சொல்லாமலே வாங்கிவிடலாம் என்று சபலம் எழுப்பத்தக்க விலையும், தட்டையான மேசையொன்றின் நடுவிலே வட்டப் பிளேடு பாதித் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் உருவமும் உடைய அறுப்பு யந்திரத்தை ஒரு கிருகஸ்தன் வாங்கலாமா, வாங்கலாகாதா என்னும் விசாரம், பதி பசு பாசங்களைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக வாதித்த நம் நாட்டிலே இதுகாறும் ஒருவராலும் முறைப்படி எடுத்துக்கொள்ளப்படவில்லை. புதுச்சேரியிலே இக்குறை இருப்பது இன்னும் வியப்பு. செயின்ட் லூயி வீதியிலே 1955 முதல் நடைபெற்றுவரும் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், சிற்பசாஸ்திரப் பிரமாணமாகிய மயமதத்தையே புரூனோ டாஜென்ஸ் என்னும் பண்டிதரைக் கொண்டு ஒப்புநோக்கச் செய்து, 1970 முதல் 1976 வரையில் இரண்டு பாகங்களாக அச்சேற்றினார்கள். தொழில் வல்லாரை ஸ்தபதி, சூத்திரக்கிராகி, தட்சகன், வர்த்தகி என நால்வராக்கி, வெட்டுபவனையும் பொருத்துபவனையுங்கூட வேறு வேறாக்கிக் காட்டும் அத்துணை நுணுக்கமான நூலிலே, ‘ஆறு மாத வாரண்டி’ என்பதன் தாற்பரியத்தைப் பற்றி ஒரு சுலோகமும் இல்லை. அந்தக் குறையை நிறைக்கவே, பள்ளியாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனும், புத்தக அலமாரி ஒன்று செய்யவேண்டும் என்னும் சங்கற்பம் உடையவனுமாகிய யான் துணிந்தேன்.

முதற்கண் நாமவிசாரம். கடைக்காரர் ‘டேபிள் சா’ என்பார். பட்டறையிலே ‘மிஷின்’ என்றாலே போதும். சலிப்பூட்டும் பேச்சுக்குத் தமிழிலே அறுவை, ரம்பம், பிளேடு என்று மூன்று பெயர் வழங்குவதும், அம்மூன்றும் இந்த ஒரே யந்திரத்தினுள் ஒருங்கே உறைவதும் தற்செயல் ஆகா என்று யான் சாதித்தபோது, எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், பிரெஞ்சிலும் வாளைக் குறிக்கும் ‘ஸீ’ என்னும் சொல் சலிப்பூட்டும் ஆசாமியையும் ஓயாமற் பாடப்படும் பாட்டையும் குறிக்கும் என்று சொல்லி, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இரண்டு மொழிகளின் ஒருமித்த சாட்சியை அவர் அளித்தமைக்கு நன்றி.

மலிவு என்பது அடுத்த சொல். மலிதல் என்றால் நிறைதல். சந்தையிலே பண்டம் மலிந்தால் விலை இறங்கும் என்னும் உறவினாலே, நிறைவைக் குறித்த சொல் விலைக்குறைவைக் குறிக்கலாயிற்று. எங்கள் ஊர்க்காரருக்கு மலிவு ஒரு பிதுரார்ஜிதம். இங்கே வரி குறைவென்று கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து வாங்கிச் சென்ற காலம், 2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி வந்ததோடு, பெட்ரோலும் மதுவும் நீங்கலாக, ஏறத்தாழ முடிந்துபோயிற்று. மலிவை மோப்பம் பிடிக்கும் புலன் மாத்திரம் எங்களிடம் தங்கிவிட்டது. ஆகவே, மலிவான மேசை ரம்பத்தில் மலிந்திருப்பது யாது என்று ஆராய்தல் கடமையாகிறது. முதலாவதாகச் சத்தம் மலிந்திருக்கிறது.

இனி அளவை. தச்சு மேஸ்திரிகள் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பங்கை ‘நூல்’ என்கிறார்கள். மில்லிமீட்டரிலே அது 3.175. மயமதமும் எட்டு யவை, அதாவது எட்டு வாற்கோதுமை, ஓர் அங்குலம் என்று எட்டாகவே பகுக்கிறது. பழைய பிரெஞ்சுக்காரரோ 27 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தம்முடைய அங்குலத்தைப் பன்னிரண்டாகப் பகுத்து ‘லீஞ்’ என்றார்கள். லீஞ் என்றாலும் கோடு, கயிறு என்றே பொருள். பிறகு 1795இல் சட்டம் இயற்றி மீட்டரை உலகுக்கு வழங்கிய அத்தேசத்தின் கொடி 1954 வரையில் பறந்த இவ்வூரிலே, இன்றைக்கும் மேஸ்திரி ‘ரெண்டே கால் அடி, மூணு நூல்’ என்றே சொல்லி அறுக்கிறார். நூல் என்னும் சொல் அளவுக்கும், மரத்திலே கோடு போடும் கயிற்றுக்கும், கற்றோர் எழுதும் கிரந்தத்துக்கும் பொதுவாக நிற்பதன் நியாயத்தை நன்னூற் பாயிரம் முன்னமே கண்டது: மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனுடைய கயிற்றையே அது கிரந்தத்துக்கு உவமையாக்கியது. சாதாரணமாக விற்கும் பத்து அங்குல வட்டப் பிளேடின் அறுப்புத் தடமும் கிட்டத்தட்ட ஒரு நூல்தான். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு நூல் மரம் தூளாகப் போகும். எட்டு அறுப்புக்கு ஓர் அங்குலம். இந்த வரியை எந்த யந்திரமும் தள்ளுபடி செய்வதில்லை.

பிரமாணங்களை எடுத்துக்கொண்டால், கடைகளிலே தாராளமாகக் கிடைப்பது சப்தப் பிரமாணம். “ரெண்டு எச்.பி. சார், காப்பர் வைண்டிங், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றான் கடைத்தம்பி. வட்டவாளுக்கு முன்னே கண்ணை மூடலாகாது என்பது ஒருபுறமிருக்க, குதிரைத்திறன் ஒன்றுக்கு 746 வாட் என்று கணக்கிட்டு, தகட்டிலே பொறித்திருந்த 1,800 வாட்டுக்கு இரண்டேகாலுக்கு மேலேயே வரும் என்று யான் அவனுடைய கூற்றை உயர்த்திக் கொடுத்ததில் அவனுக்குச் சந்தோஷம். பிளக்கைச் செருகி ஓட்டிக் காட்டினான். நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும் பத்து அங்குலப் பிளேடின் பல்நுனி நொடிக்கு 53 மீட்டர் பாய்கிறது. மணிக் கணக்கில் 190 கிலோமீட்டர். கார்பன் பிரஷ் வைத்த மோட்டாராகையால், மாவு மில்லின் இண்டக்‌ஷன் மோட்டாரைப் போல முனகாது ஓலமிட்டது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மோட்டார் சுழல்கிறது என்பதற்கு அஃது அத்தாட்சி. மரம் நேராக அறுபடும் என்பதற்கு அத்தாட்சியாகாது.

ஆதலால் பிரத்தியட்சத்தில் இறங்கினேன். பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு நூற்கயிற்றை எடுத்து மேசையின் மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்தேன். மெல்லிய அலுமினிய வார்ப்பு நடுவிலே சற்றுப் பள்ளமாயிருந்தது, மன்னிக்கத்தக்க அளவில். அடுத்து, பிளேடின் ஒரு பல்லுக்குச் சாக்குக்கட்டியால் பொட்டிட்டு, மேசையில் வெட்டியிருக்கும் நீளக் காடிக்கும் அந்தப் பல்லுக்கும் உள்ள தூரத்தை முன்பக்கத்தில் அளந்து, பிளேடைக் கையாற் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளந்தேன். வேறு வேறு பல்லை அளந்தால் பிளேடின் சொந்தக் கோணலும் கணக்கிலே கலந்துவிடும்; பொட்டு அதற்காக. இங்கே பிழை இல்லை. கடைசியாக, பலகை ஒட்டிக்கொண்டு நகரவேண்டிய பக்கச்சட்டத்தைப் பூட்டி அளந்தபோது, பிளேடின் முன்புறத்தில் நாலு அங்குலம் இருந்தது, பின்புறத்தில் அரை நூல் குறைந்தது. அவிழ்த்துப் பூட்டினேன், இப்போது ஒரு நூல் குறைந்தது.

“அரை நூலுக்கெல்லாம் பாக்கறீங்களே சார்!”

அந்த அரை நூலில்தான் ஆபத்து இருக்கிறது, தம்பி, என்று யான் விளக்கியதை இங்கேயும் சொல்லவேண்டும். சட்டம் பின்னே போகப் போகப் பிளேடை நெருங்குமாயின், பலகை அவ்விரண்டுக்கும் இடையிலே இடுக்குண்டு, மேலெழும் பின்பற்களில் சிக்கி, அப்பற்கள் மேலே வந்து முன்னோக்கிப் பாயும் வேகத்தோடே தள்ளுபவனுடைய வயிற்றை நோக்கி எறியப்படும். பிளேடுக்குப் பின்னே அறுத்த வாய் மூடாதபடி நிற்கும் மெல்லிய தகடு இதற்காகவே வைக்கப்பட்டது. வாங்கிய முதல் நாளே ‘இடைஞ்சல்’ என்று பலர் கழற்றிப் போடுவதும் அதனைத்தான். அமெரிக்காவிலே ஸ்டீபன் காஸ் என்னும் பௌதிக டாக்டர், விரல் பட்ட மாத்திரத்தில் ஐந்து மில்லிநொடிக்குள் பிளேடு நின்றுபோகும் உபாயத்தைக் கண்டுபிடித்து, விரலுக்குப் பதிலாக இறைச்சிக் குழலை வைத்துக் காட்டினார். மலிவு யந்திரத்தில் அது இல்லை. அங்கே விரலின் சொந்தக்காரனே ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

அதே பெயருடைய இரண்டாவது யந்திரத்தைத் தம்பி பெட்டி பிரித்து வைத்தான். அதன் சட்டம் மூன்று முறை பூட்டியும் மயிரிழை பிசகவில்லை! யான் கண்ட சித்தாந்தம் இங்கே பிறந்தது. விலையுயர்ந்த யந்திரத்திலே ஒருவன் தொழிற்சாலையில் உட்கார்ந்து கோணலானவற்றைக் கழித்து ஒதுக்குகிறான். அவனுடைய சம்பளம் விலையிலே சேர்ந்திருக்கிறது. மலிவு யந்திரத்திலே அவன் இல்லை. அந்த உத்தியோகம் வாங்குகிறவனுக்குச் சம்பளமின்றி அளிக்கப்படுகிறது. கயிறும் பொறுமையும் உடையவனுக்கு ஆதாயம், பெட்டியைப் பிரிக்காமல் தூக்கிப் போகிறவனுக்குச் சீட்டாட்டம். ‘கினே’ என்னும் நீலத்துணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே செனெகல் வரையில் அனுப்பிய இந்நகரத்து வியாபாரிகளுக்கு, பேலை அவிழ்த்துப் பாராமல் வாங்கு என்று ஒருவன் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்குமோ, அதுவே என் பதிலும்.

உபமானத்துக்காக முத்தியால்பேட்டையிலே எனக்குத் தெரிந்த மேஸ்திரியின் பட்டறைக்குப் போனேன். அவரிடம் இருப்பது கடையில் விற்கும் பொருளே அன்று. கல் அறுக்கும் நாலு அங்குல மார்பிள் கட்டரைத் தலைகீழாக்கி, பிளைவுட் பலகையின் அடியிலே முடுக்கி, மேலே பிளவு விட்டு, மர பிளேடு மாட்டியிருந்தார். தமிழ்நாடெங்கும் தச்சர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு. சுற்றோ நிமிடத்துக்குப் பன்னீராயிரத்துக்கு மேல். மூடியும் இல்லை, பின்தகடும் இல்லை. பார்த்தாலே என் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கின. இதனைச் சிபாரிசு செய்ய என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. ஆயினும் அவருடைய பக்கச்சட்டம் ஒரு தேக்கு ரீப்பர், இரண்டு கிளாம்பு. ஒவ்வோர் அறுப்புக்கும் முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து முடுக்குகிறார். யான் ஒரு முறை செய்த பரீட்சையை அவர் நாள்தோறும் நாற்பது முறை செய்கிறார்.

தினமும் அறுக்கிறவனுக்கு, சட்டம் தேறினால், அந்த மலிவு யந்திரம் தகும். பிளேடின் நடுத்துளை உள்ளூரில் கிடைக்கும் பிளேடுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு, கூட வரும் முரட்டுப் பற்பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு, பிளைவுட்டுக்கு அறுபது பல் வாங்கிக்கொள்ளட்டும். இந்த முடிவை மேஸ்திரியிடம் காரண காரியங்களோடு, சுமார் முக்கால் மணி நேரம், எடுத்துரைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இழைப்புளியை ஓட்டி முடித்தார்.

“அது சரி, இன்னாத்த அறுக்கப் போறீங்க வாத்தியாரே?”

மூன்றடி அலமாரி, நாலு தட்டு என்றேன். அவர் விரல் மடக்கிப் பதினோரு அறுப்பு என்று கணக்கிட்டு, பலகை வாங்கும் கடையிலேயே அறுத்துத் தருவார்கள், பொருத்தித் தர ஒரு நாள் கூலி போதும் என்றார். யான் சம்மதித்தேன். ஆனால் இவ்விசாரணை தொடங்கியபோது போதுமாயிருந்த மூன்றடி, இதற்காகச் சேர்ந்துவிட்ட விலைப்பட்டியல்களும் அளவைக் குறிப்புகளும் இக்கட்டுரையின் நான்கு திருத்தப்படிகளும் வீட்டுத் திண்ணையை அடைத்துக்கொண்டிருப்பதால், இப்போது போதாது. நாலடியாக்கும்படி நேற்று ஆள் அனுப்பியிருக்கிறேன்.